கடைசிக் காட்சியில்தான் பேசவேண்டுமா?

பாசில் இயக்கத்தில் 1997-இல் வெளிவந்த ‘காதலுக்கு மரியாதை’ திரைப்படத்தை நம் பெற்றோர் பலர் மனமுவந்து பாராட்டுவதுண்டு. காரணம் தெளிவு. இந்து இளைஞன் ஜீவாவும் கிறித்தவப் பெண் மினியும் வீட்டைவிட்டு வெளியேறுகின்றனர். ஆயினும் பெற்றோரின் கண்ணீர்மேல் தம் வாழ்வைக் கட்ட மனமின்றி அவரவர் இல்லம் திரும்புகின்றனர். இறுதியில் தாய்மார் வாய்திறக்க, குடும்பங்கள் இணைகின்றன.

1981-இல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ இதே சமயத் தடையை வேறு விதமாய் முடித்தது. பிராமண இளைஞன் பூணூலை அறுத்தெறிகிறான். கிறித்தவப் பெண் சிலுவையைக் கழற்றி எறிகிறாள்.

முன்னதைப் போற்றிப் பின்னதைப் பழிப்பது எளிது. நாம் இரண்டிலும் காண்பது ஒரே குறையை: வீட்டின் மௌனம்.

மினியின் இல்லத்தில் அன்புக்குப் பஞ்சமில்லை. அண்ணன்மார் அவளைக் கண்ணின் மணியெனக் காக்கின்றனர். ஆனால், காவல் வேறு, வழிகாட்டல் வேறு. தன் மனத்தில் ஒருவன் இடம்பெற்றுவிட்டான் என்று அச்சமின்றிச் சொல்ல அவளுக்கு அங்கு ஒருவருமில்லை. திரைக்கதை இதைக் கேள்விக்குட்படுத்தவேயில்லை. அறத்தின் சுமை முழுவதையும் பிள்ளைகள் சுமக்க, மன்னிக்கும் பெருமையை மட்டும் பெரியோர் பெறுகின்றனர். படத்தின் நெகிழ்ச்சி உண்மையானதே. அதன் நீதி பாதியளவே.

சிலுவை எறியப்பட்ட காட்சியும் நம்மைச் சிந்திக்கவைக்க வேண்டும். மிரட்டலோடு சேர்த்துத் தரப்படும் நம்பிக்கையை மிரட்டலோடு சேர்த்தே இளையோர் உதறுவர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலின் 7-ஆம் அதிகாரம் இங்கு நமக்குத் துணைநிற்கிறது. பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறான் என ஓயாது கண்காணிப்பது வளர்ப்பாகாது. அவன் உள்ளம் எங்கே நிற்கிறது என அறிய முயல்வதே வளர்ப்பு என்பது அதன் கருத்து.

ஒன்பதாம் வகுப்பு மகள் “ஒருவனை எனக்குப் பிடித்திருக்கிறது” என்கிறாள் எனக் கொள்வோம். கைப்பேசியைப் பறிப்பதும் பள்ளியை மாற்றுவதும் நமக்குக் கைவந்தவை. அவன் யார், உன்னை எப்படி நடத்துகிறான், நீ ‘வேண்டாம்’ என்றால் மதிக்கிறானா என்று கேட்கத்தான் நா எழுவதில்லை. கேட்பது இசைவதாகாது. கேட்டபின் எல்லைகளையும் வகுக்கலாம்: தனிமைச் சந்திப்பு வேண்டாம், படங்களை அனுப்பாதே, படிப்பைக் கைவிடாதே என்று. காரணத்தோடு சொல்லப்படும் எல்லையைப் பிள்ளைகள் மீறக்கூடும். ஆனால் மீறிய பின்னும் நம்மிடம் திரும்பிவர அவர்களுக்கு வழியிருக்கும். மகனிடமும் இதே பேச்சு வேண்டும். பெண்ணின் மறுப்பை மதிக்க அவன் வீட்டில்தான் கற்கவேண்டும்.

பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள் தேடிக் கண்ட மரியா, முதலில் கேட்டது ஒரு கேள்வி. கிடைத்த பதில் பெற்றோருக்கு விளங்கவில்லை என்கிறார் லூக்கா. விளங்காததையும் அத்தாய் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பினார். திரைத் தாய்மார் கடைசிக் காட்சியில் பேசியதை, நாம் முதல் காட்சியிலேயே பேசத் தொடங்குவோமாக.