மேக்ஸ்3100: ப்ராசசருக்குக் கிடைக்கும் 8 மில்லிசெகண்ட்

அர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏட்மெகா328பி சிப்புக்கு ஒரே ஒரு யூஆர்ட் (சீரியல் போர்ட்) தான். அதையும் கணினி இணைப்பு பிடித்துக்கொள்வதால், ஜிபிஎஸ் மாட்யூலுக்குப் பெரும்பாலோர் யூஆர்ட்டின் வேலையை மென்பொருளிலேயே செய்யும் சாஃப்ட்வேர்சீரியலைச் சேர்த்துவிடுகிறார்கள். கைக்காசு செலவில்லை, ஆனால் 9600 பாட் வேகத்தில் ஒரு பைட் வந்துசேர ஆகும் ஏறத்தாழ 1 மில்லிசெகண்டும் ப்ராசசர் வேறு இண்டரப்டுகளைக் கவனிக்காமல் பிட் பிட்டாக எண்ணிக்கொண்டிருக்கிறது. அனுப்பும் நேரத்தில் அதனால் பெறவும் முடியாது. இதற்கு மாற்றுதான், எஸ்பிஐ பஸ் வழியாக இன்னொரு யூஆர்ட்டைத் தரும், மேக்சிம் நிறுவனம் உருவாக்கிய மேக்ஸ்3100 சிப். கூடுதல் போர்ட் என்பதற்காகவே இதை வாங்குகிறார்கள். அதன் உண்மையான பெறுமதி, ப்ராசசரைத் தூங்கவிடுவதில் இருக்கிறது என்பது என் கருத்து.

பெறும் பக்கத்தில் இதற்கு எட்டுச் சொற்கள் (அதாவது எட்டு பைட்டுகள்) கொள்ளும் ஃபிஃபோ எனும் வரிசை நினைவகம் உண்டு. 9600 பாடில் அது நிரம்ப 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அதுவரை ப்ராசசர் உறங்கலாம். எழுந்ததும் ஒவ்வொரு பைட்டையும் 16 பிட் எஸ்பிஐ பரிமாற்றம் ஒன்றில் எடுத்துவிடும். எஸ்பிஐ 4 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் அதற்கு 4 மைக்ரோசெகண்ட் போதும். ஒரு பைட்டை அனுப்ப எழுதும் அதே பரிமாற்றத்தில், வந்து காத்திருக்கும் பைட்டும் திரும்பி வந்துவிடுகிறது. மிக நேர்த்தியான வடிவமைப்பு இது. சிப் 3.3 வோல்ட்டில் எடுப்பது சுமார் 150 மைக்ரோஆம்பியர். பல மில்லிஆம்பியர் இழுக்கும் ப்ராசசரை விழித்திருக்கவைப்பதோடு ஒப்பிட்டால் இது அற்பம். 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 192ஆல் வகுத்தால் மிச்சமின்றி 9600 கிடைக்கும் என்பதால் பாட் வேகத்தில் பிழைக்கு இடமில்லை.

அனுப்பும் பக்கம் இவ்வளவு சிறப்பாக இல்லை. அங்கே ஃபிஃபோ கிடையாது, ஒரு சொல்லுக்கு மட்டுமே பஃபர். 115200 பாடில் இடைவிடாமல் அனுப்பவேண்டுமானால் 87 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை ப்ராசசர் எழுந்தாகவேண்டும். தூக்கம் போச்சு. 10 மைக்ரோஆம்பியர் மட்டும் எடுக்கும் ஷட்டவுன் நிலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: பெறும் கம்பியில் அசைவு வந்தால் இண்டரப்ட் கிளம்பும், ஆனால் நின்றுபோன கிரிஸ்டல் மறுபடி நிலைகொள்ள நேரமாகும் என்பதால் முதல் சில எழுத்துகள் தொலைந்துவிடும். எதிர்முனை முன்கூட்டியே ஒரு வெற்று பைட் அனுப்பிக் காத்திருக்கும்படி அமைத்தால் சமாளிக்கலாம். எதிர்முனை நம் கையில் இல்லாதபோது இந்த வசதியை நம்பக்கூடாது.

ஈஎஸ்பி32இல் மூன்று, ஏட்மெகா2560இல் நான்கு யூஆர்ட்கள் இருக்கும்போது தனிச் சிப் எதற்கு என்பார்கள். புதிதாக வடிவமைப்பவருக்கு அந்தக் கேள்வி முற்றிலும் நியாயம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையும் போர்டையும் ஒரு போர்ட்டுக்காக மாற்றுவது, 14 பின் சிப் ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பெரிய வேலை. அனுப்புவதும் அதிகமென்றால் இரு பக்கமும் 64 பைட் ஃபிஃபோ கொண்ட எஸ்சி16ஐஎஸ்750 பொருத்தம். பேட்டரியில் ஓடி, மிதமான வேகத்தில் வருவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் சிறு கருவிக்கு மேக்ஸ்3100 போதும். அங்கே சாஃப்ட்வேர்சீரியலைக் கைவிடுங்கள்.