ஒரே மாணவர், இரண்டு எண்கள்: லினக்ஸ், விண்டோஸ் அடையாளப் பொருத்தத்தின் நிறைகுறைகள்

திருச்சிராப்பள்ளியைப் போலக் கல்லூரிகள் நெருங்கி அமைந்த ஊர்களில், ஒரே ஆய்வகத்தில் விண்டோஸும் லினக்ஸும் அருகருகே இயங்குவது இயல்பாகிவிட்டது. ஒரு மாணவர் இவ்விரு இயங்குதளங்களிலும் ஒரே ஆளாக அறியப்படுவதற்குரிய ஏற்பாடோ, சர்வரை நிறுவும் நாளில் ஒருமுறை செய்யப்பட்டு மறக்கப்படுவதும், அதன் குறைகள் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவதுமாக இருந்து வருகிறது.

சிக்கலின் வேர் இரு தளங்களும் பயனரைக் குறிக்கும் முறையிலேயே உள்ளது. லினக்ஸ் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அன்றி யூஐடி எனப்படும் பயனர் எண்ணாலேயே அறிகிறது. சுழி என்பது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியைக் குறிக்க, பொதுப் பயனர்களின் எண்கள் பெரும்பாலான இன்றைய வெளியீடுகளில் 1000-இல் தொடங்குகின்றன. விண்டோஸில் அவ்விடத்தில் எஸ்ஐடி என்னும் நீண்ட எண்கோவை நிற்கிறது. அதன் முற்பகுதி கணக்கு எந்தக் களத்தை (டொமைன், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் கணினிகளின் தொகுதி) சேர்ந்தது என்பதையும், ஆர்ஐடி எனப்படும் இறுதிப்பகுதி அக்களத்துள் அது எந்தக் கணக்கு என்பதையும் சுட்டுகின்றன. லினக்ஸின் எண் அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே பொருள் உடையது என்பதும், விண்டோஸின் எண்கோவை களம் முழுவதும் தனித்தன்மை உடையது என்பதும் இங்குக் கருதத்தக்கவை.

இவ்வேறுபாடு எல்லா இடத்திலும் தீங்காவதில்லை. 2011-இல் தமிழக முதலமைச்சரான ஜெயலலிதா, அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கருவிகளில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. இத்தகைய இரட்டைத் தளக் கணினியில், லினக்ஸ் பக்கத்திலிருந்து விண்டோஸ் வட்டுப் பகுதியைத் திறக்க உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் மென்பொருள், தனியே பொருத்தக் கோப்பு எழுதப்படாதவரை, எல்லாக் கோப்புகளையும் ஒரே பயனருக்கு உரியனவாகக் காட்டி, உரிமைகளையும் தாராளமாகத் திறந்துவிடுகிறது. கருவிக்கு உடையவர் ஒருவரே என்றால் இதில் குறை காண இடமில்லை. பலர் மாறிமாறி அமரும் ஆய்வகக் கணினியில் இதே இயல்புநிலையை விட்டுவைப்பதோ, ஒருவரின் செய்முறைப் பதிவேட்டை அடுத்தவர் அழிக்க இசைவு அளிப்பதற்கு ஒப்பாகும்.

இத்தகைய ஆய்வகச் சூழலில் கைகொடுப்பது, லினக்ஸையும் விண்டோஸையும் இணைத்து இயங்கவைக்கும் சாம்பா. 1992-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய இத்திட்டம், வின்பைண்ட் என்னும் தன் உறுப்பின் வழியாகப் பல பொருத்த முறைகளைத் தருகிறது. அவற்றுள் மூன்று இங்கு முதன்மையானவை. முதலாவது, வந்தவருக்கு வந்த வரிசையில் எண் வழங்கும் டிடிபி முறை. இது அமைப்பதற்கு மிக எளிது. எனினும் ஒரு கணினியில் ஸ்ரீரங்கத்து மாணவி முதலில் நுழைந்து 10000 என்னும் எண்ணைப் பெற, அடுத்த கணினியில் லால்குடி மாணவர் முதலில் நுழைந்து அதே எண்ணைப் பெறக்கூடும் என்பதால், இரு கணினிகளும் என்எஃப்எஸ் என்னும் கோப்புப் பகிர்வு முறை வழியாக ஒரு பொது வட்டைப் பகிரத் தொடங்கியதும் ஒருவரின் கோப்பு மற்றவருடையதாகிவிடுகிறது. இரண்டாவது, கணக்கிட்டு எண் தரும் ஆர்ஐடி முறை. 1105 என்னும் ஆர்ஐடியுடன் 100000 என்னும் தொடக்க எண்ணைக் கூட்டி 101105 என எங்கும் ஒரே விடை காண்பதால், பட்டியல் எதையும் பேண வேண்டியதில்லை. ஆயினும் எல்லாக் கணினிகளிலும் தொடக்க எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். களத்தைப் புதிதாக நிறுவி ஆர்ஐடிகள் மாறினால் பழைய கோப்புகள் உடையவரை இழக்கும். மூன்றாவது, 1998-இல் வெளியான ஆர்எஃப்சி 2307 வகுத்தபடி, லினக்ஸ் எண்ணை விண்டோஸ் களத்தின் பயனர் பதிவகமான ஆக்டிவ் டைரக்டரியிலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதிவைப்பது. இது உழைப்பு மிகுந்தது. இதற்குத் துணைநின்ற நிர்வாகக் கருவியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2016-இல் நீக்கியும்விட்டது. அவ்வாறிருந்தும், எண்ணைத் தீர்மானிப்பவர் யார் என்பதை ஐயமின்றிக் காட்டும் முறை இதுவே.

எண்ணை எங்கிருந்து பெறுவது என்னும் கேள்விக்குக் கல்லூரிகளில் எளிதில் தோன்றும் விடை, மாணவரின் பதிவெண்ணையே யூஐடி ஆக்கிவிடலாம் என்பது. துவாக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பதிவெண் ஒன்பது இலக்கங்கள் கொண்டது. யூஐடியின் மேல் எல்லை 429 கோடியைத் தாண்டுவதால் அது உள்ளே அடங்கிவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பன்னிரண்டு இலக்கப் பதிவெண்ணோ எவ்வகையிலும் அடங்காது. அடங்கும் எண்ணும் முழுப் பாதுகாப்பு உடையது அன்று: களத்தின் அடையாளத்திலிருந்து தானே எண் கணிக்கும் எஸ்எஸ்எஸ்டி என்னும் மென்பொருள் இயல்பாகவே 2 லட்சம் முதல் 200 கோடிக்குச் சற்று மேல் வரையிலான பரப்பைத் தனக்கென எடுத்துக்கொள்வதால், பத்துக் கோடியைத் தாண்டிய பதிவெண் அப்பரப்பின் நடுவே போய் விழுகிறது.

குழுக்களின் நிலை இன்னும் சிக்கலானது. நூல்களும் வழிகாட்டிகளும் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுவது வியப்பே. விண்டோஸில் ஒரு குழுவே கோப்பின் உரிமையாளராக இருக்கலாம். லினக்ஸில் உரிமையாளர் இடத்தில் தனிப் பயனர் எண்ணே நிற்க இயலும். ஸ்ரீரங்கம் கோயிற்பணியை இராமானுசர் பத்துக் கொத்துகளாக வகுத்தார் என்று கோயிலொழுகு கூறும் ஏற்பாட்டில், பணியும் உரிமையும் கொத்தின் வழியே ஒருவருக்கு வந்து சேர்வது போன்றது விண்டோஸின் பார்வை. இதை லினக்ஸில் நிகழ்த்த, சாம்பா ஒரே எண்ணைப் பயனராகவும் குழுவாகவும் கொள்ளும் உத்தியைக் கையாள்கிறது. அது இயங்குகிறது என்றாலும், கோப்புப் பட்டியலைப் பார்ப்பவருக்கு உடையவர் ஆளா குழுவா என்பது விளங்குவதில்லை. மேலும், என்எஃப்எஸ்ஸின் வழக்கமான சான்றளிப்பு முறை ஒருவரின் பதினாறு கூடுதல் குழுக்களை மட்டுமே சுமந்து செல்வதால், துறை, ஆய்வகம், தேர்வுக்குழு, நாட்டு நலப்பணித் திட்டம் எனப் பலவற்றில் இடம்பெற்ற பேராசிரியருக்குப் பதினேழாம் குழுவின் கோப்புறை, பிழைச்செய்தியில் காரணம் எதுவும் இன்றி மூடப்பட்டுவிடுகிறது. குழுப் பட்டியலைச் சர்வரே தேடிக்கொள்ளும்படி அமைத்தால் இக்குறை நீங்கும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய குறை, எண்ணின் ஆயுளைப் பற்றிய கவலையின்மையே. விண்டோஸ் களம், நீக்கிய கணக்கின் ஆர்ஐடியை மீண்டும் வழங்குவதில்லை. லினக்ஸின் யூசர்ஆட் கட்டளையோ, இருப்பவற்றுள் மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்ததைத் தருவதால், கடைசிக் கணக்கை நீக்கிப் புதியதைச் சேர்க்கும்போது பழைய எண்ணே திரும்ப வருகிறது. ஆண்டுதோறும் ஓர் அணி வெளியேறி மற்றோர் அணி நுழையும் கல்லூரியில், விடைபெற்றவரின் எஞ்சிய கோப்புகள் முன்பின் அறியாத ஒருவருக்கு மரபுரிமையாகச் சென்றுசேர இது போதும்.

ஒற்றைச் சர்வர் மட்டும் உள்ள சிறு நிறுவனத்திற்கு டிடிபி முறை போதுமானது. ஒரே களமும் பல கணினிகளும் உள்ள இடத்திற்கு ஆர்ஐடி முறை பொருந்தும். நூற்றுக்கணக்கானோர் ஆண்டுதோறும் மாறும் கல்லூரிக்கு, சேர்க்கையின்போதே பதிவெண்ணுடன் தொடர்பற்ற ஓர் எண்ணை ஆக்டிவ் டைரக்டரியில் எழுதி, அதை எக்காலத்தும் இன்னொருவருக்கு வழங்காதிருக்கும் மூன்றாம் முறையே, உழைப்பு மிகுதியானாலும், ஏற்கத்தக்கது.