அயலூரில் ஒரு முல்லை

தமிழ் அகப்பாடல்களைப் பயில்வோர் முதலில் உணரும் செய்தி ஒன்று உண்டு. நம் புலவர்கள் கூடியிருந்த நாளைவிடப் பிரிந்திருந்த நாளையே மிகுதியாகப் பாடியுள்ளனர். அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணைக்கு உரியவை. பொருள் தேடிச் சுரம் கடப்பவனும், அவன் சென்ற நாளை எண்ணிச் சுவரில் கோடிடுபவளுமே அங்கு நம் கண்முன் நிற்கின்றனர்.

இம்மரபு இக்காலப் புனைகதையிலும் தொடர்கின்றது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று சீரழிகின்றாள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) நாவலில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெடானில் திரியும் பாண்டியனின் நெஞ்சம் மதுரைத் தெருக்களிலும் சின்னமங்கலத்திலும் உலவுகின்றது. இவை பாலையின் வழித்தோன்றல்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றைக் குறை கூறுவதும் முறையன்று. தோட்டத்து லயமும் கடை ஊழியர் தங்கிய கிட்டங்கியும் குடும்பம் அமைதியாகக் கூடியிருக்கும் இல்லங்களாக இருந்ததில்லை. இல்லாத இல்லத்தை எழுத்தாளர் எவ்வாறு பாடுவர்?

ஆனால், இன்றைய நிலை வேறு. எடுத்துக்காட்டாகப் பொம்மசந்திராவை எண்ணிப் பார்க்கலாம். பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்த தொழிற்பேட்டை அது. அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாடு. 2025 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் அங்கு வந்து முடிகின்றது. கூப்பிடு தூரத்தில் தாய்மாநிலம் இருக்கும்போது அதனை அயலகம் என்னலாமா எனச் சிலர் வினவலாம். கடையின் பெயர்ப்பலகையும், பிள்ளையின் பள்ளிப்பாடமும், தெருவில் விளையாடும் குழந்தைகளின் கூச்சலும் வேறு மொழியில் அமையும் ஊர், தொலைவு குறைந்ததாயினும் அயலூரே.

அங்கு வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமையில் என்ன நிகழும்? பெரிதாக ஒன்றும் நிகழாது. ஆறு நாள் பணிநேரத்திற்கு அடிமைப்பட்டவர் அன்று தாமதமாக எழுவார். எண்ணெய்க் குளியல், குழம்பின் மணம், ஊரிலிருக்கும் அம்மாவுடன் தொலைபேசியில் நெடுநேரப் பேச்சு, நண்பகலில் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் உணவு, பின்னர் ஓர் உறக்கம். அண்டை வீட்டுச் சிறுமி கன்னடத்தில் அழைக்க, நம் வீட்டுச் சிறுவன் கன்னடத்தில் விடையிறுத்துவிட்டு, தாயிடம் தமிழில் இசைவு கேட்பான். இலக்கணத்தார் நண்பகலைப் பாலைக்குரிய சிறுபொழுதாக வகுத்தனர். இங்கோ அந்த நண்பகலே கூடியிருத்தலின் பொழுதாகின்றது. இந்நாளுக்கு நம் இலக்கியத்தில் இடம் எங்கே என்பதே என் வினா.

இடம் உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாடலைக் காண்க. பாடியவர் கூடலூர் கிழார், திணை முல்லை. மகள் புதுமனை புகுந்து நடத்தும் இல்வாழ்க்கையைக் கண்டு மீண்ட செவிலி, அதனை நற்றாய்க்கு எடுத்துரைக்கின்றாள். இளையவள் தயிரைத் தன் விரலால் பிசைகின்றாள். அவ்விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்கவும் நேரமின்றி உடுத்திருக்கின்றாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகின்றது. கணவன் இனிதென்று உண்கின்றான். அவள் முகத்தில் நுண்ணியதொரு மகிழ்ச்சி தோன்றுகின்றது. அவ்வளவே பாடல்.

பிறந்தகம் நீங்கிய ஒருத்தி புதிய இடத்தைத் தன் இல்லமாக்கிக்கொள்ளும் கணத்தைப் புலவர் எவ்வளவு எளிமையாகப் பிடித்துள்ளார்! அவள் பிறந்தகத்தை மறந்தாள் என்று அவர் கூறவில்லை. அதை எண்ணி வாடினாள் என்றும் கூறவில்லை. புளிப்பும் புகையும் உழைப்புமே அங்குப் பேசுகின்றன. தாய்க்கு ஆறுதல் அளிப்பதும் அச்செய்தியே.

இக்காலத்தில் அந்நோக்கிற்கு அண்மையில் நிற்பவர் அசோகமித்திரன். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த அவர், ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) நாவலில் அவ்வூரில் வாழும் இரயில்வே ஊழியர் ஒருவரின் தமிழ்க் குடும்பத்தை வரைகின்றார். சந்திரசேகரனுக்கு அவ்வூர் அயலூரன்று. கிரிக்கெட் ஆடும், கல்லூரி செல்லும் சொந்த ஊர். நாவலின் முதன்மையான சிறப்பு இதுவே என்பேன். ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த 1948ஆம் ஆண்டை ஒட்டிய கலவரத்தில், அவன் அஞ்சி ஓடி மற்றொரு வீட்டுக்குள் குதிக்கின்றான். அங்கு அவனினும் அஞ்சி நடுங்கும் ஒரு குடும்பம். அதனைக் காக்கத் தன்னையே தர முன்வரும் ஓர் இளம்பெண். அவன் அருவருத்து, நாணி ஓடுகின்றான். இல்லத்தின் அன்றாடத்தை ஆசிரியர் முன்னரே பொறுமையாக எழுதியிருப்பதால்தான், பிறர் இல்லம் சிதைவதன் கொடுமை நம்மைத் தாக்குகின்றது. அமைதியான நாளை அறியாத இலக்கியம், அது குலைவதையும் உணர்த்த இயலாது.

“நிகழ்ச்சியற்ற நாளில் இலக்கியத்திற்கு என்ன வேலை?” என்று கேட்பார் உளர். அவர்க்குக் குறுந்தொகையே விடை. இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. நம் சங்க மலர்களைப் புரட்டினால் ஊர்க்குளமும் ஆலமரமும் பிரிவுத் துயரும் நிறைந்திருக்கும். அத்துயர் பெற்றோர்க்கு மெய், பிள்ளைகளுக்கு அன்று. பொம்மசந்திராவில் பிறந்த குழந்தை எதனையும் பிரியவில்லை. தமிழ் எழுத்து ஏக்கத்தை மட்டுமே பேசுமாயின், தன் வீட்டையும் தெருவையும் தோழியையும் அக்குழந்தை அதில் காணாது. காணாத மொழியை அது பெற்றோரின் மொழி என்று மதித்து ஒதுக்கிவிடும். வகுப்பு நடத்தி எழுத்தறிவிப்பதோடு நம் கடமை முடிவதில்லை. கற்ற எழுத்தால் படிப்பதற்கு அதன் வாழ்வும் அங்கு இருத்தல் வேண்டும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை இதற்கு வழிகாட்டுகின்றது. தலைவியைப் பிரிய மறுக்கும் தலைவனின் கூற்றாக அமைந்தது அது. அவன் புகழும் காவிரிப்பூம்பட்டினத்திலோ, வேற்றுமொழி நாடுகளிலிருந்து பெயர்ந்து வந்தோர் உள்ளூராரோடு கலந்து இனிதே வாழ்கின்றனர். பிரிவின் வலியையும் புகுந்த இடத்தின் இனிமையையும் ஒரே பாட்டில் வைத்த புலவர், வந்தேறியவரின் மனைக்குள் நம்மை அழைத்துச் செல்லவில்லை. இன்று நாமே அம்மனையில் வாழ்கின்றோம். அதன் அடுக்களையையும் நண்பகல் உணவையும், கன்னடமும் தமிழும் மாறி மாறி ஒலிக்கும் திண்ணையையும் எழுதும் கடன் நம்முடையது.