திருக்கோவலூர் இடைகழி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ளது திருக்கோவலூர். அங்குச் செல்வாரை முதற்கண் ஈர்ப்பது உலகளந்த பெருமாள் கோயிலின் ஓங்கிய கோபுரம். பொய்கையாழ்வார் உள்ளத்தை ஈர்த்ததோ இடைகழி. இடைகழியாவது வாயிலுக்கும் உள்வீட்டுக்கும் இடைப்பட்ட சிறு வழி. இன்று ரேழி என வழங்குவது.

முதலாழ்வார் மூவரும் வழிச்செல்வோராய் இவ்வூர்க்கு வந்து, மழை பெய்த இரவில், ஒருவர் கிடக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவுமே இடமுள்ள இடைகழியில் ஒதுங்கினர் என்றும், அங்கு நான்காமவர் ஒருவர் நெருக்கக் கண்டு பாடினர் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். இதனைச் சான்றாகக் கொண்டு மூவரும் ஒரு காலத்தவர் எனத் துணிவாரும் உளர். அத்துணிபு பாடலால் நிலைபெறுமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

இடைகழியைக் கூறுவது முதல் திருவந்தாதியின் 86ஆம் வெண்பா. அதன்கண் நிற்போர் திருமாலும் திருமகளும் ஆகிய இருவரே. மூவர் சந்திப்பு அங்கு இல்லை. மழைக்குறிப்பு உண்டு, அதுவும் கோவலில் பெய்த மழையன்று, கண்ணன் குன்றெடுத்துத் தடுத்த மழை. இறைவன் புறத்தே போகாமலும் அகத்தே புகாமலும் இடைகழியையே பற்றி நிற்கின்றான் என்பதே பாட்டின் கருத்து.

இதனை 77ஆம் வெண்பாவோடு இயைத்துக் காண்க. அங்கு ஆழ்வார் நான்கு தலங்களுக்கு நிற்றல், இருத்தல், கிடத்தல், நடத்தல் என்னும் நான்கு நிலைகளை நிரல்நிறையாக அமைக்கின்றார். கோவலுக்குரியது நடத்தல். உலகளக்க நடந்தவன் ஒரு சிறு வழியில் நின்றுவிட்டான் என்னும் முரணே இப்பாட்டின் உயிர்.

அங்ஙனமாயின் கதை எவ்வாறு எழுந்தது? மழையும் நெருக்கமும் இவ்வெண்பாவிலிருந்து தோன்றியிருத்தல் கூடும். இரவின் இருளோ மூன்று திருவந்தாதிகளின் முதற்பாட்டுகளை நினைவூட்டுகின்றது. பொய்கையார் உலகையே அகலாக்கி விளக்கேற்றுகின்றார். பூதத்தார் அன்பை அகலாக்குகின்றார். பேயார் கண்டதைக் கூறுகின்றார். மூன்று நூல்களையும் ஒரே காட்சியாகக் கற்றார் ஒருவர் கண்ட பொருளே கதையாயிற்று எனல் பொருந்தும்.

முதற்பாட்டுகளின் இவ்வியைபே மூவர் கூட்டத்திற்குச் சான்றாகாதோ எனின், ஆகாது. பின்னவர் முன்னவர் பாடலை அறிந்திருந்தார் என்பதற்கு அது துணையாகலாம். ஓரிரவில் கூடினர் என்பது அதனாற் பெறப்படாது. ஆழ்வார் காலத்தை வரையறுப்போர் யாப்பையும் மொழியையும் நாடுக, இக்கதையை நாடற்க.

எனினும் கதையைப் பொய்யென ஒதுக்குதலும் தகாது. வேதாந்த தேசிகர் இத்தலத்திறைவனை வடமொழியில் துதித்தபொழுதும் இடைகழித் தலைவன் என்னும் பொருள்பட ‘தேகளீச ஸ்துதி’ என்றே பெயரிட்டார். திருமாலும் திருமகளும் நின்ற இடத்தில் அடியாரையும் சேர்த்து நிறுத்தியது இக்கதை. வரலாற்றுச் சான்றாக அது வலிவற்றது. பொய்கையார் பாட்டுக்கு எழுந்த முதல் திறனாய்வாக அது மிக்க வலிவுடையது.