விடை தெரிந்த வினாக்கள்

விஞ்ஞான மாணவரிடையே ஆராய்ச்சி ஆர்வம் குன்றிவிட்டது என்ற குறை நமது பல்கலைக்கழக மேடைகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. கலைப்பீட மாணவன் ஒருவன் இதைப் பற்றி எழுதுவது வரம்பு மீறலாகத் தோன்றலாம். ஆயினும் அறியும் வேட்கை எவ்வாறு பிறக்கின்றது என்னும் வினா எந்தவொரு பீடத்துக்கும் தனியுடைமை அன்று.

1928ஆம் ஆண்டு ஜேர்மன் பௌதிகவியலாளர் ஆர்னோல்ட் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தார். அவரது நூலைத் தாமாகவே கற்றிருந்த மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்றார். அப்போது அவரது பட்டப்படிப்பு முடிந்திருக்கவில்லை. நூலிற் கற்ற அணுக்கொள்கை அதற்குள் பழையதாகிவிட்டது என்று சொமர்பெல்ட் எடுத்துரைத்தார்; இன்னும் வெளிவராத தமது கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதிலிருந்து வழிகண்ட சந்திரசேகரின் கட்டுரை 1929இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. 1983இல் நொபெல் பரிசு பெற்றவரின் ஆராய்ச்சி வாழ்வு இவ்வாறு தொடங்கியது.

சந்திரசேகர் மேதை, எல்லா மாணவரும் அவ்வாறு ஆகிவிட முடியுமா என்று சிலர் கேட்பர். வினா நியாயமானதே. ஆனால் இங்கு நாம் நோக்க வேண்டியது மாணவரின் மேதைமையை அன்று, ஆசிரியரின் செயலை. ஆராய்ச்சியின் பெருமை பற்றி உபதேசிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. முடிவுறாத அறிவின் விளிம்பிலே மாணவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

நமது செய்முறை வகுப்புகளோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. விடை முன்னரே தெரியும். அதற்கு அண்மித்த பெறுமானம் எடுப்பவருக்குப் புள்ளி கிடைக்கும். மாறுபட்ட அளவீடு பிழையாகக் கொள்ளப்பட்டு அழிக்கப்படுகின்றது. அதே கல்லூரியில் மாணவராயிருந்த சி. வி. இராமன், சாதாரண நிறமாலைமானியில் அரியத்தின் கோணத்தை அளக்கும்போது கண்ட சமச்சீரற்ற ஒளிப்பட்டைகளை அவ்வாறு ஒதுக்கிவிடவில்லை. அவற்றை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1906இல் இங்கிலாந்தின் விஞ்ஞான ஏடொன்றில் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. கருவி இல்லை என்ற நமது முறைப்பாடு இங்கே வலுவிழக்கின்றது.

நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தில் ஆய்வு பெரும்பாலும் இறுதியாண்டிலேயே எட்டிப் பார்க்கின்றது. பொதுப் பட்டத்தினர் பலர் அதனைக் காணாமலே வெளியேறுகின்றனர். இவர்களுட் பலரே நாளை பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிப்பர். தாம் ஒருபோதும் வினவாத ஒருவர், வினவும் பிள்ளையை எவ்வாறு வரவேற்பார்?

எனவே முதலாண்டிலேயே, தவணைக்கு ஒன்றாயினும், விரிவுரையாளரும் விடை அறியாத பரிசோதனையொன்று அமைதல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையினூடே உரத்தின் நைத்திரேற்று கிணற்று நீரிற் கலக்கின்றது. குறித்த ஒரு கிணற்றில் அதன் அளவு மாரிக்கும் கோடைக்கும் இடையே எவ்வாறு மாறுகின்றது என்பதைச் சாதாரண இரசாயன ஆய்வுகூடமே அளந்துவிடும். அங்கு எடுக்கப்படும் ஒவ்வொரு பெறுமானமும் புதியது. அழிக்க வேண்டிய தேவையே இல்லை.

குறிப்பெடுத்து ஒப்புவிக்கும் கலைப்பீடத்தினராகிய நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவர்கள் அல்லர். தமக்குத் தெரியாததை மாணவர் முன் தெரியாது என்று கூறும் ஆசிரியர், ஆராய்ச்சியின் முதற் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார்.