பொறுத்திருக்கலாம், பார்ப்பது யார்?

பெருங்குடலில் மெல்ல வளரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குப் ‘பொறுத்திருந்து பார்ப்போம்’ என்பதே நாகரிக மருத்துவம் என்று இன்று மெச்சப்படுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தொந்தரவே தராத நோய்க்கு அவசரமாகக் கீமோ கொடுப்பதைவிட இது மேல். குடலை வெட்டியெடுத்த காலத்தை நினைத்தால் முன்னேற்றமும்கூட. கீமோ இல்லாமலே சமாளிக்கலாம் என்ற துணிச்சலில் ஒரு பங்கு இரைப்பையிலிருந்து வந்தது. 1993இல் வெளியான ஆய்வில், ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழித்ததும் இரைப்பையில் மெல்ல வளரும் மால்ட் வகை லிம்போமா இருந்த ஆறு பேரில் ஐவருக்கு நோய் பின்வாங்கியது. பெருங்குடலில் அப்படியொரு கிருமி இன்னும் பிடிபடவில்லை.

இந்த முறையின் பெரிய ஓட்டை, பார்ப்பதற்கு ஆள் இருப்பதாக அது நம்பிக்கொள்வதுதான். முதலில், எதைப் பார்க்கிறோம் என்பது உறுதியாக வேண்டும். வேகமாகப் பரவக்கூடிய மேன்டில் செல் லிம்போமாவும் குடலில் சிறு பாலிப்புகளாகவே தலைகாட்டும். சைக்ளின் டி1 சோதனை இல்லாமல் பிரித்தறிவது கடினம். மேலோட்டமாகக் கிள்ளிய பயாப்சித் துணுக்கில், பெரிய செல்களாக மாறிவிட்ட பகுதி அகப்படாமலும் போகலாம். அடுத்தது பணம். கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டுக் கிடங்கில் மூட்டை சுமப்பவருக்குக் கேரள அரசின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது. ஆனால் அது படுக்கையில் சேர்ந்தவருக்கான காப்பீடு. புறநோயாளியாக வந்துபோகும் ஸ்கேனும், எர்ணாகுளத்திலோ களமசேரியிலோ உள்ள மருத்துவமனைக்குப் போய்வரும் நாளில் இழக்கும் கூலியும் அவர் தலையில்தான். ஊசி போட்டால் பணம் உண்டு, கண்காணித்தால் இல்லை என்று கணக்குப் போடும் அமைப்புக்குள் கண்காணிப்பை நோயாளியின் பொறுப்பாக்குவது எந்த நியாயம்?

மருந்தின் பக்கவிளைவைத் தவிர்க்கிறோமே என்பார்கள். 2007 முதல் லிம்போமா மருந்தான ரிட்டுக்ஸிமாபின் உள்நாட்டு வடிவம் குறைந்த விலையில் கிடைத்தாலும், அது ஹெபடைட்டிஸ் பி தொற்றைக் கிளப்பிவிடக்கூடும் என்பது மெய்தான். ஆனால் ஓரிடத்தில் மட்டும் நிற்கும் நோயைச் சிறு அளவுக் கதிர்வீச்சாலோ, எண்டோஸ்கோப்பி வழி அகற்றியோ பல வேளை தீர்த்துவிட முடிகிறது. அந்த வாய்ப்பிருந்தும், அடுத்த பரிசோதனைக்கு நாள் குறிக்காமல், வராவிட்டால் கூப்பிட ஆள் வைக்காமல், சீட்டில் ‘காத்திருக்கவும்’ என்று மட்டும் எழுதி அனுப்புவதைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திரும்ப அழைக்க வழியில்லாத மருத்துவமனைக்கு, தீர்க்கக்கூடிய நோயைக் காக்கவைக்கும் உரிமையும் இல்லை.