‘காணப்படவில்லை’: டெக் பிழைச்செய்திகள் பற்றிய ஒரு மதிப்பீடு

கணினி அச்சுக்கோப்பிற்குரிய டெக் என்னும் மென்பொருளை நிறுவுவோர் முதலில் எதிர்கொள்வது அதன் பிழைச்செய்தியே. அதனை ஒரு பனுவலாகக் கொண்டு ஆராய்ந்தார் அரியர். ஏட்டுச் சுவடிகளில் பாடவேறுபாடு நோக்கிப் பழகியோர்க்கு இச்செய்திகள் புதியன அல்ல என்பது எம் கருத்து.

பேராசிரியர் டொனால்டு கனூத், தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்பிற்கு 1977-இல் வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் நிறைவுறாராய் இம்மென்பொருளை இயற்றத் தலைப்பட்டார். பிழை நேர்ந்த வரியை இரண்டாக முறித்து, படித்த பகுதியை மேலும் படியாத பகுதியைக் கீழுமாக அது காட்டும் முறை போற்றத்தக்கது. இடஞ்சுட்டுவதில் இத்துணை நேர்மை பிற மென்பொருள்களில் அரிது. ஒரு பிழையின் விளைவாகப் பல பிழைகள் தொடர்தல் இயல்பாதலின், முதற்பிழையை மட்டும் ஆராய்ந்து ஏனையவற்றை விடுத்தல் அறிவுடைமை.

இடஞ்சுட்டும் இந்நேர்மை காரணங்கூறுதற்கண் இல்லை. லாடெக்கில் மிகுதியும் வருவது ‘கோப்பு காணப்படவில்லை’ என்னும் செய்தி. காணப்படாமை வேறு, இன்மை வேறு. அக்கோப்பு உண்மையிலேயே நிறுவப்படாதிருக்கலாம். நிறுவப்பட்டும், டெக் நம்பியிருக்கும் கோப்பு அட்டவணை புதுப்பிக்கப்படாமையால் மறைந்திருக்கலாம். லினக்சுக் கணினிகளிலோ மூன்றாவதொரு நிலையும் உண்டு: இயங்குதளம் தந்த டெக் லைவ் ஒன்றும், பயன்படுத்துவோர் தாமே நிறுவிய டெக் லைவ் மற்றொன்றும் உடனிருக்க, கோப்பு ஒன்றில் கிடப்பக் கட்டளை மற்றொன்றை இயக்கும். இம்மூன்றிற்கும் செய்தி ஒன்றே! மூன்றாம் நிலையில் உள்ளார் முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவினும் பயன் விளையாது. கட்டளை தேடும் பாதையின் வரிசையை மாற்றுதலே தீர்வு. ஒரு கோப்பு எவ்விடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என அறிவிக்கும் தனிக்கட்டளை டெக்கின்கண் உண்டு. பிழைச்செய்தி அதன் பெயரையேனும் சுட்டாது, ‘வேறு கோப்புப்பெயர் தருக’ எனக் கேட்டு நிற்கிறது. வழிதவறியவனிடமே வழி வினவுதல் போன்றது இது.

எனினும், தமிழ் ஆய்வாளர் அஞ்சவேண்டியது செய்தி தரும் பிழையை அன்று. செய்தியின்றி நேரும் பிழையையே. எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையாயின் டெக் வேலையை நிறுத்துவதில்லை; பதிவுக்கோப்பில் ஒரு வரி எழுதி மேற்செல்லும். அவ்வரியை யார் படிக்கின்றனர்? இதனினும் கொடிது மற்றொன்று. ஒருங்குறி முறையில் ஐகாரக்குறி மெய்யின் பின்னரே சேமிக்கப்படுகிறது. அதனை முன்னே கொணர்ந்து நிறுத்துதல் வடிவாக்கப் பொறியின் கடன். 2020 முதல் டெக் லைவின் லுவாலாடெக்கில் ஹார்ஃப்பஸ் என்னும் அப்பொறி உடன் அமைந்துள்ளதாயினும், அதனையும் தமிழ் எழுத்துமுறையையும் எழுத்துரு அமைப்பிற்குள் வெளிப்படக் கேட்டல் வேண்டும். கேளாதவழி, குறி சேமித்த இடத்திலேயே நின்றுவிடும். அப்போது ‘சைவ’ என உள்ளிட்டது தாளில் ‘சவை’ எனத் தோன்றும். சவை என்பதும் அவையைக் குறிக்கும் ஒரு சொல்லே! ‘சைவ நூல்’ என்பது ‘சவை நூல்’ ஆகி அச்சேறின், பிற்காலத்துப் பதிப்பாசிரியர் அதனைப் பாடவேறுபாடாகக் கொண்டு பொருள் காண முயலுதலும் கூடும். எழுத்துகள் யாவும் எழுத்துருவில் உளவாதலின், பதிவுக்கோப்பிலும் இதற்கு ஒரு குறிப்பும் இராது.

ஆதலின், டெக் பிழையின்றி முடிந்தது என்னும் அறிவிப்பைத் தமிழ்ப் பனுவலுக்குச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. மென்பொருளைப் புதிதாக நிறுவியவுடன் எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் அமைந்த ஒரு பக்கத்தை முதலில் அச்சிட்டுக் கண்ணாற் சரிபார்த்து, அதன் பின்னரே ஆய்வேட்டைக் கோத்தல் வேண்டும்.